குகை மண் கூறும் மனிதன் கதை

மனிதன் எப்பொழுது மனிதனானான்? இவ்வினா மிகப் பழையது. சமயங்கள் இதற்கு விடை கூறியிருக்கின்றன; தத்துவ ஞானிகளும் கூறியிருக்கின்றனர். விஞ்ஞானம் இவ்வினாவைத் தன் கையில் எடுத்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. 1871ஆம் ஆண்டிலே சாள்ஸ் டார்வின் மனிதனின் மரபுவழி பற்றிய தமது நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே, மனிதரும் விலங்குகளும் தம் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் முறை பற்றி மற்றொரு நூல் எழுதினார். அழுகை, அச்சம், சினம், மகிழ்ச்சி ஆகியவற்றின் வேர்களை விலங்குகளிடத்தும் காணலாம் என்பது அந்நூலின் வாதம். அந்நூலிலே இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. இந்நாட்டில் ஆங்கில ஆட்சியின் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ட், பிடிபட்டுக் கட்டுண்டு கிடந்த யானைகள் கண்ணீர் வடித்ததை எழுதி வைத்திருந்தார். ஈழத்து யானையின் அந்தக் கண்ணீரை டார்வின் தம் நூலிலே சான்றாக எடுத்தாண்டார்.

மனித நடத்தையின் தோற்றுவாயைத் தேடுவோர்க்கு இரு வழிகள் உண்டு. இன்று உயிர்வாழும் விலங்குகளை, சிறப்பாக மனிதனுக்கு நெருங்கிய உறவுடைய குரங்கினங்களை, நெடுங்காலம் நோக்கியிருந்து நமது வாழ்க்கையின் வேர்களை அறிவது ஒரு வழி. மண்ணைத் தோண்டி, ஆதிமனிதன் விட்டுச்சென்ற கல்லையும் எலும்பையும் கரியையும் கொண்டு அவன் செய்தவற்றை அறிவது மற்றைய வழி. உடலின் கூர்ப்பை, அதாவது தமிழகத்தார் பரிணாமம் என்று கூறும் மாற்றத்தை, எலும்பு காட்டிவிடும். நடத்தையோ எலும்பிலே எளிதில் பதிவதில்லை. சிரித்தவனுடைய சிரிப்பு அவனோடு போய்விடுகின்றது. பகிர்ந்துண்டவனின் அன்பும் அவ்வாறே போய்விடுகின்றது. ஆதலின் நடத்தையின் வரலாறு எழுதுவதற்கு மிக அரிய வரலாறாகும்.

அவ்வரிய வரலாற்றைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஈழத்தறிஞர் கலாநிதி சிரான் தெரணியகல. அவர் கண்டது யாது, கற்றோர் உலகம் அதனை ஏற்பதற்கு ஏன் தயங்கியது, அதனால் இத்தீவில் வாழும் நாம் பெறக்கூடிய படிப்பினை யாது என்பவற்றைச் சிறிது நோக்குவோம்.

அவருக்கு முன்னே இத்துறையில் நடந்ததொரு தவற்றை முதலில் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் பலர், ஆதிமனிதனைக் காண மண்ணைத் தோண்டவேண்டியதில்லை என்று எண்ணினர். காட்டில் வாழும் மக்களைக் கண்டாற் போதும். அவர்களே ஆதிமனிதனின் உயிருள்ள உருவம் என்பது அவர்களின் கருத்து. இலங்கையில் அக்கருத்துக்கு இலக்கானவர் வேடர். சிவில் சேவை உத்தியோகத்தராக இருந்த ஹாட்சோன் என்பார், வேடர் சிரிப்பதே இல்லை என்று 1876ஆம் ஆண்டளவில் எழுதினார். ஒரு மனிதக் கூட்டம் சிரிப்பறியாதது என்ற அக்கூற்று ஐரோப்பாவில் வியப்போடு வாசிக்கப்பட்டது. பின்னர் வேடரோடு நெருங்கிப் பழகியோர் அதனை மறுத்தனர். அந்நியராகிய ஓர் உத்தியோகத்தர் முன்னே சிரிக்காதவர், தம் குழந்தையின் முன்னே சிரிக்காதவராவரோ? பார்ப்பவனின் நிலையைப் பார்க்கப்படுபவனின் இயல்பாகக் கொள்ளும் பிழை, மனித நடத்தையை ஆராயும் துறையிலே இன்றும் விழிப்போடு தவிர்க்கவேண்டிய பிழையாகும்.

சுவிற்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர் 1880களில் இலங்கைக்கு வந்தனர். அவர்களும் வேடரின் உடலமைப்பையும் வாழ்வையும் ஆராய்ந்து பெருநூல் எழுதினர். ஆயினும் அவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. 1907ஆம் ஆண்டிலே மீண்டும் வந்து குகைகளைத் தோண்டினர். படிகக்கல்லாற் செய்த கருவிகளைக் கண்டெடுத்து, இலங்கையில் ஒரு கற்காலம் இருந்ததென்பதை 1908ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டனர். அவர்களுக்கு முன்னரே மலைநாட்டுத் தோட்டங்களில் ஜோன் போல், கிரீன் ஆகியோர் இத்தகைய கற்களைப் பொறுக்கிச் சேர்த்திருந்தனர். 1919ஆம் ஆண்டில் வேலன்ட் என்னும் புவியியலறிஞரும் இலங்கையின் கற்காலங்களைப் பற்றி எழுதினார். இவ்வாறு ஆராய்ச்சி, உயிருள்ள மனிதரை அளக்கும் நிலையிலிருந்து மண்ணை வாசிக்கும் நிலைக்கு மெல்ல நகர்ந்தது.

பம்பலப்பிட்டியிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் எட்டிவிடக்கூடியது கொழும்புத் தேசிய நூதனசாலை. 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையை, பாடசாலைப் பிள்ளைகளாக வரிசையில் நின்று பார்த்தவர் நம்மிடையே பலர். அந்நூதனசாலைக்கு 1939ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை தலைவராக இருந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. விலங்கியலறிஞரான அவர் மீன், ஆமை, பாம்பு, யானை என இந்நாட்டின் உயிரினங்கள் பலவற்றையும் ஆராய்ந்தார். இரத்தினபுரிப் பகுதியின் இரத்தினக்கற் குழிகளிலிருந்து வெளிப்பட்ட பண்டை விலங்குகளின் எலும்புகளைச் சேகரித்தார். சப்பிரகமுவக் குகைகளிலும் பெல்லன்பெந்திப் பெலெச என்னும் இடத்திலும் மனித எலும்புகளைக் கண்டார். அவ்வெலும்புகளுக்குரிய மனிதனுக்கு அவர் வழங்கிய பெயரே 'பலாங்கொடை மனிதன்' என இன்று பாடநூல்களிலும் இடம்பெறுகின்றது.

பலாங்கொடை மனிதன் நம்மினின்று வேறுபட்ட இனத்தவன் அல்லன். நம்மைப் போன்ற முழு மனிதனே. ஆடவர் ஏறக்குறைய 174 சென்றிமீற்றர் உயரமும், பெண்டிர் 166 சென்றிமீற்றர் உயரமும் உடையவர் என எலும்புகளிலிருந்து கணித்துள்ளனர். புருவ மேடு தடித்தது, பற்கள் பெரியன, மூக்கு அகன்றது. உடலைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிட்டது. ஆனால் அவன் எவ்வாறு வாழ்ந்தான்? எதை உண்டான்? இறந்தவரை என் செய்தான்? இவ்வினாக்களே அடுத்த தலைமுறைக்கு விடப்பட்டன.

பி. ஈ. பி. தெரணியகலவின் மைந்தர் சிரான் 1942ஆம் ஆண்டில் இரத்தினபுரியிற் பிறந்தார். கல்கிசை சென். தோமஸ் கல்லூரியிற் பயின்று, கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அவர் முதலிற் கற்றவை கட்டடக்கலையும் சமஸ்கிருதமும் ஆகும். பின்னர் இலண்டன் தொல்லியல் நிறுவனத்திலே பயிற்சி பெற்றார். 1968ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, தொல்பொருளியல் திணைக்களத்தில் அகழ்வாராய்ச்சிக்குப் பொறுப்பான உதவி ஆணையாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் இந்நாட்டின் தொல்பொருளாராய்ச்சி என்றால் தூபிகளும் விகாரைகளும் கல்வெட்டுக்களும் சிலைகளுமே. மன்னர் கட்டியவற்றைத் தேடும் துறையிலே, மன்னரே இல்லாத காலத்து மனிதனைத் தேடப் புறப்பட்டார் அவ்விளைஞர்.

அவர் கைக்கொண்ட முறையும் புதியது. ஓர் அழகிய கருவி கிடைத்தால் அதனை மட்டும் எடுத்துப் பேழையில் வைப்பது பழைய முறை. சிரான் தெரணியகலவோ மண்ணின் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே பிரித்துச் சலித்தார். கருகிய விதை, நத்தையோடு, எலும்புத் துண்டு, கரி ஆகிய யாவும் அவருக்குச் சான்றுகளாயின. மழை எவ்வளவு, காடு எத்தகையது, விலங்கு எது, அவற்றோடு மனிதன் எவ்வாறு பொருந்தி வாழ்ந்தான் என்று கேட்பதே அவருடைய நோக்கு. தமது பெருநூலின் பெயரிலேயே அதனைச் சூழலியல் நோக்கு என்று அவர் குறித்தார். ஒரு மனிதனின் நடத்தையை அவன் வாழ்ந்த நிலத்தினின்று பிரித்து அறியமுடியாது என்பது அவர் கருத்து. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, அந்நிலத்து உணவையும் மரத்தையும் விலங்கையும் தொழிலையும் கருப்பொருளாக வகுத்த தமிழிலக்கண மரபை அறிந்த நேயர்களுக்கு இக்கருத்துப் புதியதன்று.

அவருடைய முதற்பெருங் களங்களுள் ஒன்று, நம் வடபுலத்துப் பெயரைத் தாங்கிய மண்ணாகும். இலங்கையின் வரண்ட கரையோரங்களிலே, வடக்கிலும் வடமேற்கிலும் தென்கிழக்கிலும், சரளைக் கல்லின்மேற் படிந்த செம்மண் பரந்து கிடக்கின்றது. கிளிநொச்சிப் பகுதியிலுள்ள இரணைமடுவின் பெயரால் அதனை 'இரணைமடுப் படிவு' எனப் புவியியலாளர் வழங்குவர். குளத்துநீர் பாய்ந்து நெல் விளையும் அவ்விரணைமடுவின் பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். அம்பாந்தோட்டைக் கரையோரத்தில் புந்தல, பதிராஜவெல ஆகிய இடங்களில் அதே படிவைத் தோண்டிய சிரான் தெரணியகல, அங்கே மனிதன் செய்த கற்கருவிகளைக் கண்டார். மணல் இறுதியாக வெயிலைக் கண்டு மண்ணுள் மறைந்த காலத்தை அளக்கும் முறையொன்று உண்டு. அம்முறையின் துணைகொண்டு, அவற்றுட் பழையவை ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையாகலாம் என அவர் கணித்தார்.

ஆயினும் அவருக்குப் புகழையும் ஐயத்தையும் ஒருங்கே தந்தவை ஈரவலயத்துக் குகைகள். சிங்களத்தில் 'லென' என்பது குகையைக் குறிக்கும். குருவிட்டைக்கு அண்மையில் பட்டதொம்பலென, கித்துல்கலைக்கு அண்மையில் பெலிலென, புளத்சிங்களவுக்கு அண்மையில் சீன யாத்திரிகரான பாகியனின் பெயரால் வழங்கும் பாகியங்கலக் குகை ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. பாகியங்கலக் குகையில் அவர் 1968ஆம் ஆண்டிலேயே முதன்முதல் தோண்டினார். பின்னர் 1986ஆம் ஆண்டில் விஜயபால என்னும் சக ஆய்வாளரோடு ஆராய்ச்சி தொடர்ந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை மற்றைய குகைகளும் அடுக்கடுக்காகத் தோண்டப்பட்டன.

அக்குகைகளிலே கிடைத்த கற்கருவிகள் விரல்நுனி அளவினவாய்ச் சிறியவை. பிறை, முக்கோணம், சரிவகம் என்று கேத்திரகணித வடிவிற் செதுக்கப்பட்டவை. தனியே கையிற் பிடிப்பதற்கு உரியவை அல்ல. மரத்தண்டிலோ எலும்பிலோ பிசின் கொண்டு பதித்து, அம்பாகவோ கத்தியாகவோ பயன்படுத்துவதற்கு உரியவை. இவ்வாறு கல்லும் மரமும் பிசினும் சேர்ந்து ஒரு பொருளாவதற்கு முன், அப்பொருள் செய்பவனின் மனத்திலே முழுமையாக உருப்பெற்றிருக்க வேண்டும். முன்யோசனை, பொறுமை, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றல் ஆகியவை இன்றி அது நிகழாது. ஆகவேதான் இத்தகைய நுண்கற்கருவியை மனித அறிவின் முதிர்ச்சிக்கு ஓர் அடையாளமாக அறிஞர் கொள்கின்றனர்.

அக்கருவிகளின் காலத்தை அறிய உதவியது குகை அடுப்பின் கரி. உயிருள்ள மரம் காற்றிலிருந்து காபனைப் பெறுகின்றது. அதிற் சிறுபகுதி காபன்-14 என்னும் கதிர்வீசும் வகை. மரம் இறந்தபின் அது புதிதாகச் சேர்வதில்லை. இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் விறகு வெட்டிய காலம் தெரியும். பட்டதொம்பலெனவின் கரி ஏறக்குறைய 28,500 ஆண்டுகள் என்று விடை கூறியது. பாகியங்கலவின் அடியடுக்கு அதனினும் பழையது என்று கூறியது.

இங்கேதான் கற்றோர் உலகம் தயங்கியது. ஐரோப்பாவிலே இத்தகைய கேத்திரகணித நுண்கருவிகள் பரவலாகத் தோன்றியது ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான். அக்காலத்துப் பாடநூல்கள் ஐரோப்பிய வரிசையையே உலகின் வரிசையாகக் கொண்டிருந்தன. பிரான்சிலும் ஸ்பெயினிலும் உள்ள குகை ஓவியங்களைக் கண்டு, மனிதன் நடத்தையால் மனிதனானது ஐரோப்பாவிலேயே, ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்னர், என்று எழுதியோரும் உளர். அவ்வாறாயின் இலங்கையின் மழைக்காட்டுக் குகையிலே, ஐரோப்பாவுக்குப் பதினாறாயிரம் ஆண்டுகள் முந்திய நுண்கருவி எவ்வாறு வரும்? கரி இடம்மாறி விழுந்திருக்கலாம்; கீழடுக்கும் மேலடுக்கும் கலந்திருக்கலாம் என்பன போன்ற ஐயங்கள் எழுவது இயல்பே. ஐயம் எழுவது விஞ்ஞானத்துக்குக் குற்றமன்று. அஃது அதன் உயிர்நாடி.

அவ்வையத்துக்குச் சிரான் தெரணியகல ஆவேசத்தால் விடையளிக்கவில்லை. ஒரு குகையின் காலத்தை மற்றொரு குகையின் காலத்தோடு ஒப்பிட்டார். ஈரவலயக் குகையிற் கண்ட கருவி வரண்ட கரையோரத்துப் புந்தலவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இருந்ததைக் காட்டினார். மனித எலும்புகளை அமெரிக்காவின் கோர்ணெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் கெனத் கென்னடி ஆராய்ந்தார். இருவரும் சேர்ந்து, இலங்கையின் 28,000 ஆண்டுப் பழமையுடைய மனித எச்சங்களைப் பற்றி 1989ஆம் ஆண்டிலே சர்வதேச ஏடொன்றில் எழுதினர். அதற்கு முந்திய ஆண்டிலே ஹாவாட் சர்வகலாசாலை சிரானுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1968ஆம் ஆண்டிலே தொடங்கிய பணிக்குப் பட்டம் கிடைத்தது இருபது ஆண்டுகளின் பின்னர். 1992ஆம் ஆண்டிலே 'இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலம்' பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை அவர் தொல்பொருளியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாகவும் விளங்கினார்.

அக்குகை மண் காட்டிய வாழ்க்கைதான் எத்தகையது? கருகிய காட்டு வாழை, காட்டு ஈரப்பலா, கெக்குன என்று சிங்களத்தில் வழங்கும் மரத்தின் கொட்டை ஆகியவை கிடைத்தன. மரநத்தையும் ஆற்று நத்தையும் குவியல் குவியலாகக் கிடைத்தன. குரங்கு, மலையணில் முதலிய மரவாழ் விலங்குகளின் எலும்புகள் நிரம்பக் கிடைத்தன. அவற்றோடு உள்நாட்டுக் குகைகளிலே கடற்சிப்பியும் சுறாவின் முள்ளெலும்பில் துளையிட்ட மணியும் கிடைத்தன. கடலிலிருந்து பலநாள் நடைத் தொலைவிலுள்ள பெலிலெனவுக்குக் கரையோரத்திலிருந்து உப்புக் கொண்டுவரப்பட்டதற்கும் சான்று உண்டென அவர் எழுதினார். உப்பும் மணியும் தாமாக நடந்து வருவதில்லை. கரையிலிருப்பவனும் காட்டிலிருப்பவனும் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்து வாங்கினாலன்றி அவை மலைக்கு ஏறா. பாகியங்கலவிலும் இராவணா எல்லைக் குகையிலும் இறந்தோரின் எலும்புகளிற் செங்காவி பூசப்பட்டிருந்தது. இறந்தவரை எறிந்துவிடாமல், எலும்பைப் பேணி நிறமிட்டு வைத்தவனின் உள்ளத்திலே துயரும் மரியாதையும் இருந்திருக்க வேண்டும். நடத்தை எலும்பிலே பதிவதில்லை என்று கூறினோம். இங்கே அது செங்காவியாகப் பதிந்திருக்கின்றது.

மனித நடத்தையின் வேரைத் தேடும் இருவழிகளுள் இது ஒன்று. மற்றைய வழியிலும் இந்நாடு உலகுக்குக் களமாகியது; அதுவும் அதே 1968ஆம் ஆண்டிலேயே. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் திட்டமொன்றிலே வந்த வொல்ஃப்காங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர், பொலனறுவையின் இடிபாடுகளிடையே வாழும் குரங்குகளை நோக்கத் தொடங்கினார். சிங்களத்தில் 'ரிலவா' எனப்படும் இக்குரங்கின் தலைமயிர் குல்லாய் போலப் பரந்திருக்கும். இலங்கையிலன்றி வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. டிட்டஸ் ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளம் கண்டு, பிறப்பு, இறப்பு, உறவு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தார்.

அப்பதிவுகள் காட்டியவை சிந்தனைக்குரியன. பெண்குரங்கு பிறந்த கூட்டத்திலேயே தங்குகின்றது. தாயின் அந்தஸ்து மகளுக்குச் சேர்கின்றது. ஆண்குரங்கு வளர்ந்ததும் தன் கூட்டத்தை விட்டு வெளியேறுகின்றது. உணவு குறையும்போது வலியது எளியதை ஒதுக்குகின்றது. முதலில் மடிவன குட்டிகள், அவற்றுள்ளும் பெண்குட்டிகள் மிகுதி. அதே வேளையில், நல்ல உணவு கண்ட குரங்கு தனி ஒலியொன்றை எழுப்ப, ஏனைய குரங்குகள் அவ்விடம் நாடி வருகின்றன. தன்னலமும் கூட்டுறவும் ஒரே கூட்டத்திலே அருகருகே நிற்கின்றன. மனிதக் குடும்பத்தையும் சந்தையையும் அறிந்தவர்க்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமானதன்று. ஆயினும் குரங்கின் ஒலி உணவு கண்ட இடத்தோடு நின்றுவிடுகின்றது. மனிதனோ கடற்கரை உப்பை முகம் அறியாதவனுக்கும் அனுப்பினான். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரமே மனிதனின் வரலாறு.

சிரான் தெரணியகல எழுப்பிய வினா அவரோடு முடியவில்லை. 1980களின் பிற்பகுதியிலே மானிடவியலறிஞர் சிலர் வேறொரு வாதத்தை முன்வைத்தனர். மழைக்காடு பார்வைக்குப் பசுமையானது. மனிதனுக்கோ அது பாலைவனம். மாச்சத்தும் கொழுப்பும் அங்கே அரிது. ஆதலின் அருகே உழவர் இருந்து தானியம் கொடுத்தாலன்றி, வேட்டையாடுவோர் மழைக்காட்டில் நிலைத்து வாழ முடியாது என்பது அவ்வாதம். உழவுத்தொழில் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்த சப்பிரகமுவக் குகைகள் அவ்வாதத்துக்கு நேரெதிராக நின்றன.

அதனைச் சோதிக்கப் புதிய முறைகள் வந்தன. உண்ட உணவின் காபன் பல்லின் மிளிரியிலே தங்கும். அடர்காட்டுத் தாவரத்தின் காபன் சமதானிகளின் விகிதம் ஒன்று. வெட்டவெளிப் புல்லின் விகிதம் வேறொன்று. இலங்கைக் குகைகளிலும் பிற இடங்களிலும் கிடைத்த 26 பேரின் பற்களைப் பற்றிக் ரொபேட்ஸ் முதலியோர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் காட்டுணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர் எனக் காட்டியது. 2019ஆம் ஆண்டில் ஓஷான் வெதகே முதலியோர் பாகியங்கலக் குகையின் காலத்தை ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்குக் கொண்டுசென்றனர். அங்கே கிடைத்த விலங்கெலும்புகளுட் பெரும்பகுதி குரங்குகளுடையவை. அவற்றுள்ளும் வளர்ந்த விலங்குகளே மிகுதி. உயர்ந்த மரங்களில் விரைந்து தாவும் விலங்கைப் பிடிப்பதற்கு அறிவும் திட்டமும் கூட்டு முயற்சியும் வேண்டும். அடுத்த ஆண்டிலே, அக்குகையின் 130 எலும்பு முனைகளை ஆராய்ந்த மிஷெல் லாங்லி முதலியோர், அவற்றுட் சில அம்புமுனைகள் என்றும், ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே வில்லும் அம்பும் வழக்கில் இருந்தன என்றும் எழுதினர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்வித்தைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. நிறமண்ணிற் செய்த மணிகளும் அங்கே கிடைத்தன.

இக்காலத்துள் ஆபிரிக்காவின் சான்றுகளும் பெருகின. மொறொக்கோவின் ஜெபல் இர்கூட் என்னுமிடத்து எலும்புகள், நம்மினத்தின் தோற்றத்தை 300,000 ஆண்டுகளுக்குக் கொண்டுசென்றன. தென்னாபிரிக்காவின் புளொம்பொஸ் குகையிலே 70,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய, கோடு கீறிய காவிக்கட்டிகள் கிடைத்தன. மனிதன் நடத்தையால் மனிதனானது ஐரோப்பாவிலே திடீரென நிகழ்ந்ததென்ற கருத்து இன்று நிலைகுலைந்துவிட்டது. பனியிலும் பாலையிலும் கடற்கரையிலும் மழைக்காட்டிலும், அந்தந்த நிலத்துக்கேற்ப வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் நெகிழ்ச்சியே மனித நடத்தையின் தலையாய இயல்பு என இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இலங்கைக் குகைகள் அக்கருத்துக்கு உறுதியான தூண்களுள் ஒன்றாகும். முப்பதாண்டுகளுக்கு முன் ஐயுறப்பட்ட 28,500 என்ற எண் இன்று மிகைபட்டதாக அன்று, குறைபட்டதாகவே தோன்றுகின்றது.

இவ்வரலாறு இத்தீவினர்க்குத் தரும் படிப்பினை இன்னும் ஆழமானது. இந்நாட்டிலே நெடுங்காலமாக ஒரு வினா மனிதரைப் பிரித்து வந்திருக்கின்றது: இங்கு முதலில் வந்தவர் யார்? அதற்காக ஏடுகள் புரட்டப்பட்டன, கல்வெட்டுக்கள் சாட்சிக்கு அழைக்கப்பட்டன, மேடைகள் முழங்கின. அவ்வினாவின் பெயரால் நேர்ந்த துன்பத்தைக் கொழும்பு நகரம் நன்கறியும். குகை மண்ணோ அவ்வினாவைக் கேட்பவரை நோக்கிப் புன்னகை செய்கின்றது. தமிழ், சிங்களம் என்னும் இரு மொழிகளுக்கும் இன்று நாமறிந்த வரலாறு ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. பாகியங்கலக் குகையிலே அம்பு செய்தவன் அதற்கு நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவன். அவன் பேசிய மொழியின் ஒரு சொல்லேனும் எஞ்சவில்லை. அவன் தமிழனும் அல்லன், சிங்களவனும் அல்லன். அவன் விட்டுச்சென்றது உரிமைப் பத்திரம் அன்று. அடுப்புக்கரியும் மணியும் செங்காவியுமே.

வேடரின் உடலமைப்புக்கும் அக்குகைவாசிகளின் உடலமைப்புக்கும் தொடர்பு உண்டெனக் கென்னடி முதலியோர் எலும்புகளை ஒப்பிட்டுக் கூறினர். அத்தொடர்பு வேடர்க்குரிய மதிப்பை உயர்த்த வேண்டியதேயன்றி, அவரைக் கற்காலத்தின் காட்சிப்பொருள் ஆக்குதற்குரியதன்று. இன்றைய வேடரும் இன்றைய மனிதரே; அவர்தம் முன்னோர் கழித்த ஆண்டுகளும் மற்றையோரின் முன்னோர் கழித்த ஆண்டுகளும் எண்ணிக்கையில் ஒன்றே. சிரிப்பறியாதவர் என்று ஒரு கூட்டத்தை எழுதிவைத்த காலம் மீண்டும் வருதலாகாது.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே வீதியிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் வாழ்கின்றனர். கடையிலே உப்பு வாங்குகின்றனர். இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி மரியாதை செய்கின்றனர். பிள்ளைக்குத் தொழில் கற்பிக்கின்றனர். இச்செயல்களின் பழைய வடிவத்தையே சப்பிரகமுவக் குகையின் அடியடுக்கிலே சிரான் தெரணியகல கண்டார். கொடுத்து வாங்குதல், கற்றுக்கொடுத்தல், இறந்தோரை நினைத்தல் ஆகியவை எம்மொழிக்கும் எம்மதத்துக்கும் முற்பட்டவை. அவை எல்லோர்க்கும் பொதுவான முதுசொம்.

கலாநிதி சிரான் தெரணியகல 2021ஆம் ஆண்டில் மறைந்தார். தந்தை எலும்புக்குப் பெயரிட்டார். மைந்தர் அவ்வெலும்புக்குரியவனின் வாழ்வை மீட்டெடுத்தார். அவர்க்குப் பின்வந்தோர் அவர் கூறிய காலத்தை மேலும் பின்னோக்கி நகர்த்தினர். தாம் கண்ட எண் மாற்றப்படுவதை இழுக்காகக் கருதாமல், சோதித்துப் பார்க்கும்படி குகையின் அடுக்குகளை ஒழுங்காகப் பதிந்து வைத்துச் சென்றதே அவருடைய புலமையின் சிறப்பு. இன்னும் தோண்டப்படாத குகைகள் இம்மலைகளிலே உள்ளன. இரணைமடுவின் செம்மண்ணும் தன் கதையை முழுவதும் கூறிவிடவில்லை. அதனைக் கேட்கும் பொறுமையுடைய மாணவர், வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஒருங்கே புறப்படுவாராக.